வெட்டிவேர்: போத்தலுக்குள் போன ஒரு சொல்

கதை எங்கட ஹொஸ்டல் அறையில்தான் தொடங்கினது. பங்குனி வெயில். அறையில் நாலு பேர், ஒரேயொரு காற்றாடி. எங்களில் ஒருத்தி ஒன்லைனில் ஓடர் பண்ணின குட்டிப் போத்தல் ஒன்று அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. பத்து மில்லிலீற்றர், கடும் மண்ணிறக் கண்ணாடி. லேபிளில் பெரிய ஆங்கில எழுத்தில் 'வெட்டிவர்'. அதுக்குக் கீழே சின்ன எழுத்தில் பரு போகும், தழும்பு மறையும், தோல் பொலிவு பெறும், ஆயிரமாண்டுப் பாரம்பரியம் என்று ஒரு பட்டியல். தமிழ் வரியில் 'வெட்டிவர் அத்தியாவசிய எண்ணெய்' எண்டு போட்டிருந்தாங்கள். விலையைச் சொன்னால் எங்கட ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு.

'எண்ணெய்' எண்டு கிடந்ததாலே அவள் தேங்காய் எண்ணெய் பூசுற மாதிரி இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டு படுத்தாள். விடிய எழும்பிப் பார்த்தால் கன்னம் ரெண்டும் சிவந்து தடிச்சு எரிஞ்சுகொண்டிருந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, "இதைக் கலக்காமல் அப்படியே பூசினீங்களா?" என்று கேட்டு, கிறீம் ஒன்றைத் தந்து அனுப்பினார்.

பின்னேரம் அவளின் அம்மம்மா போனில் வந்தா. நடந்ததைச் சொன்னதும் அவவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒண்டா வந்தது.

"அது வேரல்லோ பிள்ளை. தண்ணிப் பானைக்குள்ள போடுறது. ஆர் உனக்கு அதை முகத்தில பூசச் சொன்னது?"

"பாரம்பரியம் எண்டு போட்டிருக்கு அம்மம்மா."

"ஆற்றை பாரம்பரியம்?"

அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கேல்லை. இதில் வெட்கப்பட இன்னொரு விசயமும் இருக்குது. அதுக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தித்தான், பிரெஞ்சு வாசனைத் திரவியத்தின்ர பெயர் தமிழ்ச்சொல் என்று பெருமைப்படுகிற ஒரு பேஸ்புக் பதிவை நாங்கள் எல்லாரும் பகிர்ந்திருந்தம். பெயர் தமிழ் என்பது உண்மைதான். அந்தப் பெயர் எப்பிடிப் பயணம் போனது, போன இடத்தில் அந்த வேரை ஆர் தோண்டினது, திரும்பி எங்களிடம் வரும்போது ஏன் இந்தக் கோலத்தில் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுக்குப் பிறகு நூலகத்திலும் போனிலும் தேடித்தேடி வாசிச்சதைத்தான் இங்கே எழுதுறம்.

ஒரு சொல், இரண்டு எண்ணெய்

முதலில் 'எண்ணெய்' என்ற சொல்லைப் பார்ப்பம். எள்ளும் நெய்யும் சேர்ந்துதான் எண்ணெய். எள்ளில் இருந்து எடுத்ததுக்கு வந்த பெயர் பிறகு தேங்காய்க்கும் இலுப்பைக்கும் வேம்புக்கும் பொதுவானது. இவை எல்லாம் விதையையோ பருப்பையோ செக்கில் போட்டுப் பிழிந்து எடுப்பவை. தலையில் வைக்கலாம், உடம்பில் தேய்க்கலாம், சிலதைச் சமைக்கவும் செய்யலாம். எங்கட ஆட்கள் வெட்டிவேர் எண்ணெய், வெட்டிவேர்த் தைலம் என்று சொன்னபோது அர்த்தப்படுத்தினது நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ வேரைப் போட்டு ஊறவைத்ததை, அல்லது காய்ச்சி எடுத்ததை. அதில் பெரும்பங்கு பிழிந்த எண்ணெய். வேர் தன் வாசத்தையும் குணத்தையும் கொஞ்சம் அதுக்குள்ள விட்டிருக்கும்.

அந்தப் போத்தலுக்குள் இருந்தது வேறு சாமான். வேரைக் கழுவி நறுக்கி ஒரு கலனுக்குள் அடைத்து, நீராவியை அதுக்குள்ளால் விடுவார்கள். ஆவியோடு சேர்ந்து வேரின் சாரமும் வெளியே வரும். அதைக் குளிரவைத்தால் தண்ணீர் ஒரு பக்கம், சாரம் ஒரு பக்கமாகப் பிரியும். வெட்டிவேர் தன் சாரத்தை லேசில் விடாது. சிலவேளை ஒரு முழு நாளுக்கும் மேலாக நெருப்பு எரியவேணும். நூறு கிலோ காய்ந்த வேரில் இருந்து பொதுவாக ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ சாரம் கிடைக்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்குத் தலை சுத்தினது. பத்து மில்லிலீற்றர் போத்தல் ஒன்றுக்குள் அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை காய்ந்த வேரின் சாரம் இருக்கிறது. அம்மம்மா பானைக்குள் போடுவது ஒரு கைப்பிடிகூட வராது. அதிலும் தண்ணீரில் கரைந்து இறங்குவது மிகமிகக் கொஞ்சம். அப்படியென்றால் அந்த இரவு கன்னத்தில் ஏறினதை அம்மம்மாவின் பானையோடு ஒப்பிடவே முடியாது.

'அத்தியாவசிய எண்ணெய்' என்ற பெயரையும் விட ஏலாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் சாரம் என்ற கருத்தில் வந்தது. ஒரு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் அதன் உயிர்ச்சாரத்தைப் பிரித்தெடுக்கலாம் என்று ஐரோப்பிய இரசவாதிகள் நம்பின காலத்துச் சொல் அது. தமிழில் போட்டவர்கள் அகராதியின் முதல் கருத்தை எடுத்துவிட்டார்கள். 2022இல் அரிசிக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற எங்களுக்கு 'அத்தியாவசியம்' என்றால் என்னவென்று நல்லாய்த் தெரியும். இது அந்த வகையில் சேராது. சாரம், அல்லது ஆவியெண்ணெய் என்று எழுதியிருந்தால் அவள் கன்னத்தில் கைவைக்க ஒருக்கா யோசிச்சிருப்பாள்.

வெயிலுக்கு வந்த வேர்

அப்ப பழைய ஆட்கள் இதைத் தோலுக்குப் பாவிக்கவே இல்லையா? பாவித்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆயுர்வேதத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதை மூலிகைகளைப் பத்துப்பத்தாகக் குழுப் பிரிக்கிறது. வெட்டிவேர் அங்கே 'உசீரம்'. உடம்பின் எரிவைத் தணிக்கும் பத்தில் அது இருக்கிறது. நிறத்தைப் பேணும் பத்திலும் இருக்கிறது. எரிவு, தோல் கோளாறு, வியர்வை ஆகியவற்றுக்குப் பூசுவதில் சிறந்தவை என்று சொல்லும் இடத்திலும் உசீரம் வருகிறது.

ஆனால் எப்படிப் பாவித்தார்கள் என்று பார்க்கவேணும். வேரை அரைத்துப் பூசினார்கள், கசாயமாக்கினார்கள், சந்தனம், நன்னாரி போன்றவற்றோடு சேர்த்தார்கள். காளிதாசரின் சாகுந்தலத்தில் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் சகுந்தலைக்காக எடுத்துப் போவதும் உசீரத்தை அரைத்த பூச்சும் தாமரை இலைகளும்தான். அவளுக்கு வெயில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அது காதல் சூடு. எந்தச் சூடாக இருந்தாலும் உடனே ஞாபகம் வருவது வெட்டிவேர் என்கிற அளவுக்கு அது பழக்கத்தில் இருந்திருக்கிறது.

சூடுதான் இந்தக் கதையின் நடு. தமிழில் 'வேர்' என்றால் மண்ணுக்கு அடியில் கிடப்பது. 'வேர்த்தல்' என்றால் வியர்ப்பது. வெயில் காலத்தில் முதுகில் போடுகிற வேர்க்குரு அந்த இரண்டாவது சொல்லில் இருந்து வந்தது. இரண்டும் வேறுவேறு சொற்கள். ஆனால் வேர்த்தபோது வேரைத் தேடினது எங்கட வீடுகளின் பழக்கம். குடிதண்ணீரில் ஒரு முடிச்சு, குளிக்கும் தண்ணீரில் ஒரு முடிச்சு, ஓலை விசிறிக்குப் பதிலாக வேர் விசிறி, உடுப்புப் பெட்டிக்குள் ஒரு கட்டு. கண்ணாடிக்கு முன்னால் நிற்பதற்காகத் தேடப்பட்ட வேர் இது என்று சொல்ல ஏலாது. வெயிலைத் தாங்கத்தான் தேடினார்கள்.

வடக்கில் இதே வேர் 'கஸ்'. அபுல் பசல் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஆயினி அக்பரி, அக்பரின் அரண்மனையில் கஸ் வேரால் அறைகள் கட்டித் தண்ணீர் தெளித்ததையும், கோடைக்குள் குளிர்காலம் வந்ததுபோல இருந்ததையும் சொல்கிறது. பிறகு வந்த ஆங்கிலேயர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வாசலிலும் யன்னலிலும் வேரால் பின்னின தட்டிகளைக் கட்டினால், சூடான காற்று நனைந்த வேருக்குள்ளால் நுழைந்து குளிர்ந்து வாசத்தோடு உள்ளே வரும். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிற எளிய பௌதிகவியல்தான் அது. குளிர்ச்சி தண்ணீருடையது, வாசம் வேருடையது.

தட்டி காய்ந்தால் குளிர்ச்சி போய்விடும். எனவே வெளியே, அதே வெயிலுக்குள் நின்று நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்க ஆள் வேணும். உள்ளே இருந்த துரைமார் எழுதிவைத்த குறிப்புகளில் வாசம் நிறைய இருக்கிறது. தண்ணீர் தெளித்தவர் பெரும்பாலும் பெயரில்லாத ஒரு வேலையாள்.

விதை போடாத புல்

இந்த வேர் ஒரு புல்லின் வேர். சேரைப் புல்லுக்குச் சொந்தம். விஞ்ஞானப் பெயர் கிரைசோபோகன் சிசனியோய்டிஸ். மற்றப் புல்லின் வேர்கள் மேல்மண்ணில் பரவும். இது நேரே கீழே இறங்கும், மூன்று மீற்றருக்கும் கீழே போகும்.

எங்களை நிறுத்திவைத்த தகவல் ஒன்று இருக்கிறது. வட இந்தியாவில் காடாக வளரும் வகை விதை போடும். தென்னிந்தியாவில் மனிதர் வளர்த்தெடுத்த வகை முளைக்கக்கூடிய விதை போடாது. தூரைப் பிரித்து நட்டால்தான் இன்னொரு தூர். உலகம் முழுக்க வளர்க்கப்படும் வெட்டிவேர்களின் மரபணுவை 1990களில் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகையின் நகல்கள் என்று கண்டார்கள். காற்றும் குருவியும் கடலும் இதைக் கொண்டுபோகாது. ஒரு தீவில் வெட்டிவேர் நிற்குது என்றால், ஆரோ ஒருவர் ஈரம் காயாமல் ஒரு தூரைக் கையில் கொண்டுபோயிருக்கிறார்.

1674 முதல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இருந்தார்கள். பிறகு காரைக்காலும் அவர்களின் கைக்கு வந்தது. இந்து சமுத்திரத்தில் அவர்களுக்கு பூர்பொன் என்ற தீவு இருந்தது. இன்றைய பெயர் ரீயூனியன். புதுச்சேரிக்கும் அந்தத் தீவுக்கும் இடையே கப்பல்கள் போய்வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே 'வெட்டிவேர்' பிரெஞ்சுச் சொல்லாகிவிட்டது. பிரெஞ்சில் இருந்து ஆங்கிலத்துக்கும் போனது. வாசனைத் தொழிலில் 'பூர்பொன் வெட்டிவேர்' என்பது தரத்துக்கு ஒரு பெயரானது.

அதே கடல்வழியால் மனிதரும் போனார்கள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் ரீயூனியனின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தட்டுப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860இல் பிரித்தானியரோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு பிரித்தானிய இந்தியாவில் இருந்தும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். 1882இல் பிரித்தானிய அரசு அதை நிறுத்தும்வரை அது நடந்தது. அவர்களில் பெருந்தொகையினர் தமிழர். இன்றும் அங்கே அவர்களின் பரம்பரையை 'மல்பார்' என்று சொல்கிறார்கள். தீமிதிப்பும் காவடியும் அங்கே உண்டு. பேச்சுமொழியாகத் தமிழ் அநேகமாகப் போய்விட்டது. வேரின் பெயர் பிரெஞ்சு அகராதிக்குள் பத்திரமாக இருக்கிறது, அந்தச் சொல்லைப் பேசினவர்களின் பேரப்பிள்ளைகளிடம் மொழி இல்லை. மலையகத்துக்கு நடத்திக் கொண்டுவரப்பட்ட மக்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனாலும் அந்தப் பேஸ்புக் பதிவைப் பகிர்ந்தபோது இது எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

இதற்கிடையில் ஜாவாவில் கருத் என்ற மலைப்பகுதி இன்னொரு மையமானது. அங்கே அதன் பெயர் 'அகர் வாங்கி'. வாச வேர் என்றுதான் அர்த்தம். இருபதாம் நூற்றாண்டில் வேர் அத்திலாந்திக்கைத் தாண்டி ஹெயிட்டிக்குப் போனது. அங்கே இந்தத் தொழிலை வளர்த்தவர்களில் ஒருவர் லூயி டெஜுவா. 1957 ஜனாதிபதித் தேர்தலில் பிரான்சுவா டுவாலியேயிடம் தோற்றாரே, அவர்தான். அதே 1957இல் கார்வென், 1959இல் கெர்லேன் என்று பரிஸின் பெரிய வாசனை நிறுவனங்கள் ஆண்களுக்கான திரவியங்களை 'வெட்டிவேர்' என்ற பெயரிலேயே வெளியிட்டன. மெதுவாக ஆவியாகிற சாரம் என்பதால் மற்ற வாசங்களையும் இது பிடித்துவைக்கும். வாசனைத் தொழில் இதை விடாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

தோண்டினால் ஒன்று, விட்டால் ஒன்று

இன்று உலகச் சந்தைக்கு வரும் வெட்டிவேர்ச் சாரத்தில் பாதிக்குக் குறையாமல் ஹெயிட்டியில் இருந்து போகிறது. தென்மேற்கில் லே காய் என்ற நகரத்தைச் சுற்றின மேடு பள்ளங்களில் சிறு விவசாயிகள் இதை வளர்க்கிறார்கள். வேரை எடுக்க மண்ணை ஆழமாய்க் கிளறவேணும். சரிவான நிலத்தில் கிளறின மண்ணை அடுத்த மழை கொண்டுபோய்விடும். வேர் முத்த ஒரு வருசத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடக் காசோ மருந்துச் செலவோ வந்தால் ஒருவரும் வேர் முத்தும்வரை பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. முன்னதாகத் தோண்டினால் சாரம் குறைவு, காசும் குறைவு. 2016இல் மத்தியூ சூறாவளி அடித்ததும், 2021 ஓகஸ்டில் 7.2 அளவில் பூமி நடுங்கினதும் இதே தென்மேற்கில்தான்.

தோண்டாமல் விட்டால் இதே புல் வேறு வேலை செய்யும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால் அடிவேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும், மேலே நெருங்கி வளர்ந்த தாள் வெள்ளத்தின் வேகத்தை மறிக்கும். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லையில் இதை வேலியாக வைத்திருந்தார்கள். 1950களில் பிஜியின் கரும்புக் காணிகளில் மண் அரிப்பைத் தடுக்க ஜோன் கிறீன்பீல்ட் என்பவர் இதைப் பயன்படுத்தினார். அந்தக் காணிகளுக்கும் எங்கட ஊர்ப்பக்கத்து மனிதர் ஒப்பந்தத்தில் போனவர்கள்தான். 1980களில் உலக வங்கி இந்தியாவில் இதை ஒரு முறையாகவே பரப்பத் தொடங்கினது. உலக வங்கி வந்து சொல்வதற்கு முதலே குண்டலுப்பேட்டையில் வேலி நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேணும்.

அப்ப இந்தப் புல்லுக்கு இரண்டு வாழ்க்கை. மண்ணைக் காக்கும் வாழ்க்கையில் காசு இல்லை. காசு தரும் வாழ்க்கையில் மண் போகிறது. போத்தலின் லேபிளில் 'இயற்கை' என்று பச்சை எழுத்தில் போடும்போது இதில் எந்த வாழ்க்கையைச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம்தானே.

முகம் எப்ப வந்தது?

இப்ப அம்மம்மாவின் கேள்விக்கு வருவம். வடித்த சாரத்தைத் தோல் பராமரிப்புக்குப் பூசுவது ஆருடைய பாரம்பரியம்?

வடிப்பது எங்கட பக்கத்துக்குத் தெரியாத வித்தை இல்லை. கன்னோசியில் செப்புப் பாத்திரத்தில் கஸ் வேரை வடித்து 'ரூஹ் கஸ்' என்ற பச்சை படிந்த வாசனைச் சாரம் எடுக்கிறார்கள். பழைய தொழில் அது. ஆனால் அது முதலில் வாசனைக்கு. பருவுக்கும் தழும்புக்கும் பூச எடுத்தது அல்ல.

சாரங்களை உடம்புக்கு வைத்தியமாகப் பாவிக்கிற இன்றைய முறைக்குப் பெயர் வைத்தவர் ரெனே மொரிஸ் கத்தபோசே என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். வாசனைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1937இல் 'அரோமாதெரபி' என்ற பெயரிலேயே நூல் எழுதினார். அதை மசாஜுக்கும் அழகுப் பராமரிப்புக்கும் கொண்டுவந்தவர் மார்கரித் மொறி. அவருடைய நூல் 1961இல் பிரெஞ்சில் வந்தது. மொறியும் சாரத்தை அப்படியே பூசச் சொல்லவில்லை. தாவர எண்ணெயில் மிகக் கொஞ்சமாகக் கலந்துதான் பாவித்தார்.

ஆகவே அந்தப் போத்தலின் 'ஆயிரமாண்டுப் பாரம்பரியம்' மூன்று துண்டுகளை ஒட்டினது. வேர் எங்கட பக்கம். சாரத்தை உலகச் சரக்காக்கினது குடியேற்றவாதத் தோட்டங்களும் பரிஸ் வாசனைத் தொழிலும். தோலில் பூசும் முறை ஐரோப்பாவில் வந்து இன்னும் நூறு வருசம்கூட ஆகவில்லை. இந்த மூன்றுக்கும் மேலே சரகரின் பெயரை ஒட்டினால் விலை ஏறுகிறது.

சரி, விஞ்ஞானம் என்ன சொல்லுது? சாரத்துக்குச் சில பக்டீரியாக்களை அடக்கும் தன்மையும் ஒட்சியேற்ற எதிர்ப்புத் தன்மையும் ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வு, எலியின் தோற்புற்றுக் கலங்களில் மெலனின் உற்பத்தியை இந்தச் சாரம் குறைத்தது என்றது. இவை கண்ணாடித் தட்டில் நடந்தவை. மனிதர் முகத்தில் நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் 'மெலனின் குறையும்' என்ற ஒரு வரி கிடைத்தால் சந்தைக்குப் போதும். அங்கிருந்து 'பொலிவு', பொலிவில் இருந்து 'வெள்ளை'. வெயிலைத் தாங்க வந்த வேரை வெயிலில் கறுத்த தோலுக்கு எதிராக நிறுத்திவிட்டார்கள். சரகரிலும் நிறம் பேணும் குழு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நிறம் பற்றின ஆசை வெள்ளைக்காரர் கொண்டுவந்தது மட்டும்தான் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் தோலின் ஒளியைப் பேணுவது வேறு, உள்ள நிறத்தைக் குறையென்று சொல்லி விற்பது வேறு.

பாவிக்க விரும்புகிறவர்களுக்கு எங்கட அனுபவத்தில் இருந்து ஒரு சொல். சாரத்தை நேரே தோலில் பூசாதையுங்கோ. முகத்துக்கு ஒரு வீதத்துக்கு மேல் வேண்டாம். முப்பது மில்லிலீற்றர் நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ ஆறு துளி அளவுதான் வரும். முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கோ. எரிந்தால் கழுவிவிட்டு விடுங்கோ. பருவும் தழும்பும் உங்களை வருத்துமென்றால் டொக்டரிடம் போங்கோ.

பானை

அவளின் கன்னம் மாற பத்து நாள் எடுத்தது. போத்தல் இன்னும் அலுமாரிக்குள் இருக்குது. மூடியைத் திறந்தால் அறை முழுக்க முதல் மழை பெய்த மண்ணின் வாசம். அதை எறிய ஒருவருக்கும் மனம் வரேல்லை. அதுக்குள் ஒரு கிலோ வேர் இருக்கிறது என்று இப்ப தெரியும்தானே.

பிறகு ஒருநாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு கட்டு வேர் வாங்கினம். ரெண்டு பிளேன்ரீக் காசுதான் முடிஞ்சது. "ஐயா, இது எங்கத்தைய வேர்?" என்று கேட்டம். "இந்தியாச் சரக்கு தம்பி" என்றார். அதுவும் எங்கட மண் இல்லை. கழுவி, வெள்ளைத் துணியில் முடிஞ்சு, சின்ன மண்பானைக்குள் போட்டுத் தண்ணீர் விட்டம். பின்னேரம் விரிவுரை முடிஞ்சு வேர்த்து விறுவிறுத்து வந்து ஒவ்வொரு குவளை குடிச்சம்.

போனில் அம்மம்மாவுக்குச் சொன்னம், உங்கட கேள்விக்குப் பதில் தேடினம் எண்டு. ரீயூனியன், ஹெயிட்டி, பரிஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக அவ பொறுமையாய்க் கேட்டா. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டா.

"அந்த ஹெயிட்டி எண்ட ஊரில வேர் கிண்டுற சனத்துக்கு அந்தப் போத்தல் காசில எவ்வளவு போகும்?"

அதுக்கு லேபிளில் இடம் விடேல்லை. தமிழ்ச்சொல் என்று பெருமைப்பட்டு இன்னொரு பதிவைப் பகிர்வதுக்கு முந்தி, நாங்களும் இப்ப அதைத்தான் முதலில் தேடுறம். உங்கட வீட்டிலும் வெட்டிவேர்க் கதை ஒன்று இருக்கும். பானையோ, விசிறியோ, உடுப்புப் பெட்டியோ. அம்மம்மாமாரும் அப்பாச்சிமாரும் இருக்கேக்கையே கேட்டு எழுதி வையுங்கோ.